ஏப்ரல் 23: ஒரே தேதி என்றால் ஒரே நாள் ஆகுமா?

1 – அட்டைக்காரர் (இழையைத் தொடங்கியவர்)

அனைவருக்கும் வணக்கம். ஆண்டின் ஒவ்வொரு தேதிக்கும் ஓர் அட்டை வைத்து, அந்தத் தேதியில் பிறந்தவர்கள், மறைந்தவர்கள், நடந்தேறிய நிகழ்வுகள் ஆகியவற்றைப் பல ஆண்டுகளாகத் தொகுத்து வருகிறேன். மொத்தம் 366 அட்டைகள். முதலில் பென்சிலால் எழுதுவேன். இரண்டு இடங்களிலாவது ஒத்துப் பார்த்த பிறகே அதன்மேல் மை ஏறும். ஏப்ரல் 23ஆம் தேதிக்குரிய அட்டை மட்டும் நெடுநாளாகப் பென்சிலிலேயே கிடக்கிறது. அதை எப்படியாவது முடித்துவிட வேண்டும் என்பதற்காகவே இந்த இழை.

அட்டையில் இப்போது இருப்பவற்றைச் சொல்கிறேன். 1014இல் அயர்லாந்தின் குளோன்டார்ஃப் போரில் மன்னர் பிரையன் போரு கொல்லப்பட்டார். 1616இல் ஷேக்ஸ்பியரும் ஸ்பானிய எழுத்தாளர் செர்வாண்டிசும் பெருவில் பிறந்த வரலாற்றாசிரியர் இன்கா கார்சிலாசோவும் ஒரே நாளில் மறைந்தனர். 1661இல் இங்கிலாந்து மன்னராக இரண்டாம் சார்லஸ் முடிசூடினார். 1775இல் ஓவியர் டர்னர் பிறந்தார். 1850இல் கவிஞர் வேர்ட்ஸ்வொர்த் மறைந்தார். 1858இல் இயற்பியலாளர் மாக்ஸ் பிளாங்க் பிறந்தார். 1915இல் கவிஞர் ரூபர்ட் புரூக், கிரேக்கத் தீவான ஸ்கைரோஸ் அருகே நின்ற மருத்துவக் கப்பலில் இறந்தார். 1938இல் பாடகி எஸ். ஜானகி பிறந்தார். 1967இல் சோயுஸ் 1 விண்கலம் ஏவப்பட்டது. 1992இல் சத்யஜித் ராய் மறைந்தார். வாழ்நாள் சாதனைக்கான ஆஸ்கர் விருதை மருத்துவமனைப் படுக்கையில் பெற்றுக்கொண்டு ஒரு மாதம்கூட ஆகியிருக்கவில்லை. 2005இல் யூடியூபின் முதல் காணொளி பதிவேறியது. 2007இல் போரிஸ் யெல்ட்சின் மறைந்தார்.

இதில் என் கை நின்றுபோகும் இடம் 1616. ‘ஒரே நாளில் மறைந்தனர்’ என்று எழுதிவிட்டு, அந்த ‘ஒரே நாளில்’ என்பதை மூன்று முறை அழித்து மூன்று முறை மீண்டும் எழுதியிருக்கிறேன். அந்த இடத்தில் அட்டையே நைந்துவிட்டது. விவரம் அறிந்தவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

2 – மெய்ப்புநோக்கி

ஐயா, தயங்காமல் அழித்துவிடுங்கள். 1616இல் ஸ்பெயினும் இங்கிலாந்தும் வெவ்வேறு நாட்காட்டிகளைப் பின்பற்றிக்கொண்டிருந்தன. ஸ்பெயின் 1582இலேயே போப் கிரெகொரி கொண்டுவந்த புதிய நாட்காட்டிக்கு மாறிவிட்டது. இங்கிலாந்து 1752 வரை பழைய ஜூலிய நாட்காட்டியிலேயே இருந்தது. ஆகவே ஸ்பெயினில் ஏப்ரல் 23 விடிந்த பொழுது இங்கிலாந்தில் ஏப்ரல் 13தான் ஆகியிருந்தது.

இதை யாரும் மறுக்க முடியாதபடி காட்டுவதற்குக் கிழமை ஒன்றே போதும். ஷேக்ஸ்பியர் இறந்த ஏப்ரல் 23 செவ்வாய்க்கிழமை. ஸ்பெயினின் ஏப்ரல் 23 சனிக்கிழமை. நாட்காட்டி மாறினாலும் கிழமைகளின் வரிசை எங்கும் அறுபடவில்லை என்பதால், ஒரு நாளுக்கு இரண்டு கிழமைகள் இருக்க வழியில்லை. ஷேக்ஸ்பியர் மறைந்த அன்று மாட்ரிட் நகரத்தார் தங்கள் நாட்காட்டியில் மே 3 என்று எழுதியிருப்பார்கள்.

பள்ளிப் பாடநூல் முதல் நாளிதழ்ச் சிறப்பிதழ் வரை இந்தப் பிழை ஓயாமல் அச்சேறுகிறது. மெய்ப்புப் பார்க்கும் வேலையில் இருப்பவன் என்ற முறையில், ஒவ்வோர் ஏப்ரலிலும் இதைத் திருத்தித் திருத்தி என் கை ஓய்ந்திருக்கிறது. ‘ஒரே தேதியில்’ என்று எழுதினால் எந்தக் குறையும் இல்லை. ‘ஒரே நாளில்’ என்று எழுதினால் அது தவறு.

3 – அட்டைக்காரர்

மிக்க நன்றி. கிழமையை வைத்துப் பார்க்கலாம் என்பது எனக்குத் தோன்றவே இல்லை. அப்படியானால் ஷேக்ஸ்பியரை மே 3ஆம் தேதி அட்டைக்கு மாற்றிவிட வேண்டுமா? பிரையன் போருவையும் இரண்டாம் சார்லசையும் என்ன செய்வது? அவர்களும் பழைய நாட்காட்டிக் காலத்தவர்கள்தாமே?

4 – வானியல் மாணவி

வணக்கம் ஐயா. நாட்காட்டிக் கணக்கு நான் விரும்பிப் படிக்கும் பகுதி என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

ஜூலிய நாட்காட்டி ஆண்டின் நீளத்தை 365.25 நாட்கள் என்று கொண்டது. பருவங்கள் திரும்பி வர உண்மையில் ஆகும் காலம் ஏறத்தாழ 365.2422 நாட்கள். வேறுபாடு ஆண்டுக்குப் பதினொரு நிமிடங்களுக்குச் சற்று மேல். அது நூற்றாண்டுக் கணக்கில் சேர்ந்ததால், பதினாறாம் நூற்றாண்டுக்குள் இளவேனில் சமஇரவு நாள் மார்ச் 21இலிருந்து 11ஆம் தேதிக்கு நகர்ந்துவிட்டது. ஈஸ்டர் திருநாளைக் கணக்கிடுவதற்கு அந்த நாளே அடிப்படை என்பதால் திருச்சபைக்கு அது பெரிய சிக்கலாயிற்று. ஆகவே 1582 அக்டோபர் 4, வியாழக்கிழமைக்கு அடுத்த நாள் அக்டோபர் 15, வெள்ளிக்கிழமை என்று அறிவித்துப் பத்து நாட்களை நீக்கினார்கள். நூறால் வகுபடும் ஆண்டுகளில் நானூறால் வகுபடுபவை மட்டுமே இனி நெட்டாண்டு (366 நாட்கள் கொண்ட லீப் ஆண்டு) என்றும் விதித்தார்கள். இவ்விதியின்படி 400 ஆண்டுகளுக்கு 1,46,097 நாட்கள். அது மீதமின்றி 20,871 வாரங்கள். அதனால் ஒவ்வொரு 400 ஆண்டுக்கும் கிழமைகள் அப்படியே திரும்பி வருகின்றன. எனக்கு மிகப் பிடித்த எண்களில் இதுவும் ஒன்று.

இரு நாட்காட்டிகளுக்கும் இடைப்பட்ட வேறுபாடு நிலையானதன்று என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். 1700 பிப்ரவரி வரை பத்து நாட்கள். அதன்பின் 1800 வரை பதினொன்று. 1900 வரை பன்னிரண்டு. அன்று முதல் இன்றுவரை பதின்மூன்று. எழுத்தாளர் நபக்கோவின் பிறந்தநாள் இதற்கு நல்ல சான்று. ரஷ்யப் பழைய முறையில் அவர் 1899 ஏப்ரல் 10 அன்று பிறந்தார். அன்றைய வேறுபாடு பன்னிரண்டு நாட்கள் என்பதால் அது ஏப்ரல் 22. ஆனால் 1900க்குப் பிறகு அதே ஏப்ரல் 10, புதிய முறையில் 23ஆம் தேதியில் வந்து விழுந்தது. அவரும் 23ஆம் தேதியையே தம் பிறந்தநாளாகக் கொண்டார். பிறந்த நாள் நகரவில்லை, அதன் ஆண்டுநிறைவு நகர்ந்துவிட்டது.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். ஷேக்ஸ்பியரை மே 3க்கு மாற்ற வேண்டாம் என்பதே என் கருத்து. ஒரு நிகழ்வு நடந்த இடத்தில் அன்று எந்த நாட்காட்டி நடைமுறையில் இருந்ததோ, அதன் தேதியையே அட்டையில் எழுதி, ‘பழைய முறை’ என்று ஓரத்தில் குறித்துவிடலாம். 1582க்கு முற்பட்டவற்றை ஜூலியத் தேதியிலேயே விட்டுவைப்பது வரலாற்றாசிரியர்களின் வழக்கம். குளோன்டார்ஃப் போர் நடந்தது புனித வெள்ளியன்று. அதைப் பின்னோக்கி மாற்றி ஏப்ரல் 29 என்று எழுதினால், அன்றைய மக்கள் அறிந்திருந்த நாளுக்கும் நம் அட்டைக்கும் தொடர்பே இல்லாமல் போய்விடும்.

ஆனால் இரு நாடுகளின் நிகழ்வுகளை ஒன்றோடொன்று சேர்த்துப் பேசும்போது மட்டும் கட்டாயம் ஒரே முறைக்கு மாற்றியாக வேண்டும். ‘கலிலியோ மறைந்த ஆண்டில் நியூட்டன் பிறந்தார்’ என்று அடிக்கடி படிக்கிறோம். கலிலியோ மறைந்தது புதிய முறையில் 1642 ஜனவரி 8. நியூட்டன் பிறந்தது பழைய முறையில் 1642 டிசம்பர் 25. இருவரையும் புதிய முறைக்கு மாற்றினால் நியூட்டன் 1643 ஜனவரி 4க்குப் போய்விடுகிறார். பழைய முறைக்கு மாற்றினால் கலிலியோ 1641 டிசம்பர் 29க்குப் போய்விடுகிறார். எந்த ஒரு முறையிலும் இருவரும் ஒரே ஆண்டுக்குள் வருவதில்லை.

5 – ஆவணப்பிரியர்

மேலே எழுதிய இருவரும் நாட்காட்டியைப் பற்றிச் சொன்னது அனைத்தும் சரி. ஆனால் அதற்கும் முந்தைய ஒரு கேள்வியை நாம் இன்னும் கேட்கவில்லை: அந்தத் தேதியை அன்று எழுதி வைத்தவர் எதை எழுதினார்?

செர்வாண்டிசையே எடுத்துக்கொள்வோம். மாட்ரிட்டின் பங்குக் கோவில் பதிவேட்டில் அவர் பெயருக்கு எதிரே இருப்பது ஏப்ரல் 23 என்பது உண்மைதான். ஆனால் அத்தகைய பதிவேடுகளில் உடல் அடக்கம் செய்யப்பட்ட நாளையே குறிப்பது வழக்கம். அவர் 22ஆம் தேதி, வெள்ளிக்கிழமை இறந்து, மறுநாள் திரித்துவக் கன்னியர் மடத்தில் அடக்கம் செய்யப்பட்டார் என்பதே அவர் வாழ்க்கையை ஆராய்ந்தவர்கள் பெரும்பாலும் ஏற்றுக்கொள்ளும் முடிவு. அவருடைய கடைசி நாட்களைப் பற்றி அவர் கையாலேயே எழுதிய சான்றும் உண்டு. தம் கடைசி நாவலுக்கு அவர் எழுதிய காணிக்கை உரை 1616 ஏப்ரல் 19 என்று தேதியிடப்பட்டிருக்கிறது. நேற்றுத் தமக்கு, சாகும் தறுவாயில் இருப்பவர்க்கு அளிக்கும் இறுதி அருட்சாதனம் அளிக்கப்பட்டுவிட்டதாகவும், இன்று இதை எழுதுவதாகவும் அதில் அவர் சொல்கிறார். மூன்றே நாட்களில் அவர் போய்விட்டார். அந்த வரியைப் படிக்கும்போதெல்லாம், தேதி என்பது அட்டையில் இருக்கும் எண்ணாக எனக்குத் தோன்றுவதில்லை. சாகக் கிடக்கும் ஒருவர் நாளை எண்ணிக்கொண்டு எழுதிய எண் அது.

ஷேக்ஸ்பியரின் இறப்புக்கு அடிப்படை வேறு. ஸ்ட்ராட்ஃபோர்டு தேவாலயச் சுவரில் உள்ள நினைவுச் சின்னத்தில் ஏப்ரல் 23 என்று பொறிக்கப்பட்டிருக்கிறது. பதிவேட்டில் அடக்க நாள் ஏப்ரல் 25. ஆனால் அவர் பிறந்ததும் ஏப்ரல் 23 என்று சொல்கிறார்களே, அதற்கு நேரடிச் சான்று ஏதும் இல்லை. 1564 ஏப்ரல் 26 அன்று அவருக்குத் திருமுழுக்கு நடந்தது என்பது மட்டுமே ஏட்டில் உள்ளது. பிறந்து சில நாட்களில் திருமுழுக்குக் கொடுப்பது அக்கால வழக்கம் என்பதாலும், ஏப்ரல் 23 இங்கிலாந்தின் காவற்புனிதர் ஜார்ஜின் திருநாள் என்பதாலும், நாட்டின் பெருங்கவிஞர் அந்நாளில் பிறந்து அந்நாளிலேயே மறைந்தார் என்று சொல்வதில் மக்களுக்கு ஒரு நிறைவு இருந்ததாலும் அந்தத் தேதி நிலைபெற்றுவிட்டது.

டர்னர் விஷயமும் இதே போன்றதுதான். 1775 மே 14 அன்று திருமுழுக்கு நடந்ததற்குப் பதிவு உண்டு. பிறந்தது ஏப்ரல் 23 என்பது அவர் தாமே சொல்லிக்கொண்டது. புனித ஜார்ஜின் நாளையும் ஷேக்ஸ்பியரின் நாளையும் தம் நாளாக ஆக்கிக்கொள்ள அவர் விரும்பியிருக்கலாம் என்று ஐயுறுவோர் உண்டு. தவறு என்று சொல்லவும் ஆதாரம் இல்லை.

ஆகவே ஐயா, உங்கள் அட்டையில் மையால் எழுதும் தகுதி எல்லா வரிகளுக்கும் ஒன்றுபோல் இல்லை. ஒவ்வொரு வரிக்கும் அருகில் அது கல்வெட்டா, திருமுழுக்கா, அடக்கமா, வாய்மொழியா என்று ஒரு சொல் எழுதி வைத்தால் அட்டையின் மதிப்பு பன்மடங்கு உயரும்.

6 – மெய்ப்புநோக்கி

ஆவணப்பிரியர் புனித ஜார்ஜ் நாளைச் சொன்னதும் இன்னொன்று நினைவுக்கு வருகிறது. முடிசூட்டு விழாவை இந்தப் பட்டியலில் ஷேக்ஸ்பியரோடு ஒரே வரிசையில் வைக்கக் கூடாது. இரண்டாம் சார்லஸ் 1661 ஏப்ரல் 23இல் முடிசூடினார். அவருடைய தம்பி இரண்டாம் ஜேம்ஸ் 1685 ஏப்ரல் 23இல். ஜேம்சின் மகள் ஆன் 1702 ஏப்ரல் 23இல். ஒரே குடும்பத்தில் மூன்று முடிசூட்டு விழாக்கள் ஒரே தேதியில் அமைந்தன என்றால் அது தற்செயலாக நேர்ந்ததன்று. திருநாளைப் பார்த்துத் தேர்ந்தெடுத்தார்கள். உலகப் புத்தக நாளும் அப்படித்தான். ஸ்பெயினில் 1926இல் புத்தக நாள் தொடங்கியபோது அது அக்டோபர் 7ஆம் தேதியில் இருந்தது; 1930இல்தான் ஏப்ரல் 23க்கு மாற்றினார்கள். பின்பு 1995இல் யுனெஸ்கோ அதே தேதியை உலகுக்கு உரியதாக அறிவித்தது. தானாக நேர்ந்தவை ஒரு பக்கம், மனிதர்கள் நாள் பார்த்து வைத்தவை ஒரு பக்கம் என்று அட்டையில் ஒரு கோடு போட்டுப் பிரித்துவிடுங்கள்.

சென்னையின் புனித ஜார்ஜ் கோட்டைக்கு அந்தப் பெயர் வந்ததும் இதே திருநாளை ஒட்டித்தான் என்று சொல்லப்படுகிறது. கோட்டை 1644 ஏப்ரல் 23 அன்று முடிவுற்றது என்று பலவிடங்களில் படித்திருக்கிறேன். ஆவணப்பிரியர் இதற்கு என்ன சொல்கிறார் என்று அறிய ஆவல்.

7 – ஆவணப்பிரியர்

பரவலாகச் சொல்லப்படும் தேதி அதுதான். இதற்கு முந்தைய ஒரு புனித ஜார்ஜ் நாளில், அதாவது 1640இல், கோட்டையின் முதற்பகுதி எழுந்தபோதே பெயர் வந்தது என்ற கருத்தும் உண்டு. நான் அதைப் பென்சிலிலேயே விட்டிருப்பேன்.

ஆனால் அதே கோட்டையில் பின்னாளில் நடந்த ஒன்று, இந்த இழையின் கேள்விக்கு நான் அறிந்தவற்றிலேயே மிகச் சிறந்த எடுத்துக்காட்டு. 1746இல் பிரெஞ்சுப் படை அக்கோட்டையைக் கைப்பற்றியது. ஆங்கிலேயர் கணக்கில் கோட்டை சரணடைந்த நாள் செப்டம்பர் 10. பிரெஞ்சுக்காரர் கணக்கில் செப்டம்பர் 21. ஒரே கோட்டை, ஒரே காலைப் பொழுது, கோட்டையை ஒப்படைத்தவர்க்கும் பெற்றுக்கொண்டவர்க்கும் இடையே பதினொரு நாட்கள். அக்காலத்தில் சென்னையிலிருந்து புதுச்சேரிக்குக் கடிதம் எழுதுபவர் இட்ட தேதி, அங்கே பெற்றுக்கொள்பவரின் தேதிக்கு எப்போதும் பதினொரு நாள் பின்தங்கியே இருக்கும். இரு தரப்பு ஏடுகளையும் படிப்பவர்கள் ஒவ்வொரு பக்கத்திலும் இந்தக் கணக்கைப் போட்டுக்கொண்டேதான் போக வேண்டும். 1752 செப்டம்பர் 2க்கு அடுத்த நாளைச் செப்டம்பர் 14 என்று ஆங்கிலேயர் மாற்றிக்கொண்ட பிறகே இந்தச் சிக்கல் தீர்ந்தது.

8 – எண்கணக்கர்

எல்லோருக்கும் வணக்கம். நான் சற்று மாறுபட்ட கருத்துடையவன். ஒரு தேதியில் இவ்வளவு பெரியவர்கள் சேர்ந்திருப்பதைப் பார்த்து வியப்பதற்கு எதுவும் இல்லை என்பதைப் பணிவோடு சொல்ல விரும்புகிறேன்.

ஓர் அறையில் 23 பேர் இருந்தால், அவர்களுள் எவரேனும் இருவருக்குப் பிறந்தநாள் ஒன்றாக இருப்பதற்கான வாய்ப்பு 50.7 விழுக்காடு. பலர் இதை நம்ப மறுப்பார்கள். ஆனால் 23 பேரை இருவர் இருவராகச் சேர்த்தால் 253 இணைகள் வரும் என்று எண்ணிப் பார்த்தால் விளங்கிவிடும். ஒரு கலைக்களஞ்சியத்தில் பத்து இலட்சம் பேர் இருப்பதாக வைத்துக்கொண்டால், ஒவ்வொரு தேதிக்கும் சராசரியாக 2,700க்கு மேற்பட்ட பிறப்புகள் வந்தே தீரும். ஏப்ரல் 23க்குப் பதில் வேறு எந்தத் தேதியை எடுத்தாலும் ஒரு கவிஞரும் ஒரு மன்னரும் ஒரு விஞ்ஞானியும் கிடைப்பார்கள்.

அட்டைக்காரர் ஐயாவின் உழைப்பைக் குறைத்துச் சொல்வதாக நினைக்க வேண்டாம். அட்டை நினைவூட்டுவதற்குப் பயன்படும். 1775இல் பிறந்தவரையும் 1992இல் மறைந்தவரையும் ஒரே அட்டையில் எழுதுவதால், அவர்களுக்கிடையே எந்தத் தொடர்பும் உண்டாகிவிடாது என்பதே நான் சொல்ல வந்தது. அகர வரிசையில் அடுத்தடுத்து நிற்கும் இரு சொற்களுக்கிடையே என்ன உறவு உண்டோ, அதே உறவுதான் இங்கும்.

9 – அட்டைக்காரர்

உங்கள் கணக்கை நான் மறுக்கவில்லை. ஆனால் தொடர்பு இல்லை என்று ஒரேயடியாகச் சொல்வதை என் மனம் ஏற்கவில்லை. ஒரு தேதியை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தால்தான், நானாகத் தேடிப் போயிருக்கவே முடியாத ஒரு மன்னரையும் ஒரு போரையும் அறிந்துகொள்கிறேன். குளோன்டார்ஃப் என்ற பெயரையே இந்த அட்டைதான் எனக்கு அறிமுகப்படுத்தியது.

10 – வானியல் மாணவி

எண்கணக்கர் ஐயா சொன்னதில் ஒரு பாதியை ஏற்கிறேன். ‘ஒரே தேதி, வெவ்வேறு ஆண்டு’ என்பது அகர வரிசையைப் போன்றதுதான். ஆனால் ‘ஒரே தேதி, ஒரே ஆண்டு’ என்று வரும்போது பொருளே வேறாகிவிடுகிறது. அங்கே இருவர் மீதும் ஒரே சூரியன் எழுந்து ஒரே சூரியன் அடைந்திருக்கிறது.

1953 மார்ச் 5 அன்று ஸ்டாலின் இறந்தார். இசையமைப்பாளர் புரோகோஃபியேவும் அதே நாளில் மாஸ்கோவிலேயே இறந்தார். அவருடைய வீடு செஞ்சதுக்கத்துக்கு அருகில் இருந்ததால், ஸ்டாலினுக்கு அஞ்சலி செலுத்தத் திரண்ட கூட்டத்தைக் கடந்து அவர் உடலை வெளியே கொண்டுபோகக்கூட வழியில்லாமல் போயிற்று. இதைத் தொடர்பு இல்லை என்று எப்படிச் சொல்வது? ஒரு மரணம் இன்னொரு மரணத்தின் வாசலை அடைத்துக்கொண்டு நின்றது.

இந்த எண்ணத்தோடு அட்டைக்காரர் ஐயாவின் பட்டியலை மீண்டும் படித்தபோது 1858இல் ஒருவர் விடுபட்டிருப்பதைக் கண்டேன். மாக்ஸ் பிளாங்க் பிறந்த அதே 1858 ஏப்ரல் 23 அன்றுதான் பண்டித ரமாபாயும் பிறந்தார். இருவர் பிறந்த இடங்களிலும் அப்போது நாட்காட்டிக் குழப்பம் ஏதும் இல்லை. கிழமையைக் கணக்கிட்டுப் பார்த்தேன்: வெள்ளிக்கிழமை.

பிளாங்க், டேனிஷ் அரசரின் ஆட்சிக்கு உட்பட்டிருந்த ஹோல்ஸ்டைன் பகுதியின் கீல் நகரில், பேராசிரியர் ஒருவரின் மகனாகப் பிறந்தார். ரமாபாய் மேற்குத் தொடர்ச்சி மலைக் காட்டில் பிறந்தார். அவருடைய தந்தை அனந்த சாஸ்திரி டோங்ரே, பெண்களுக்குச் சமஸ்கிருதம் கற்பிப்பதை அன்றைய சமூகம் ஏற்காதபோதும், தம் மனைவிக்கும் மகளுக்கும் கற்பித்தார். பிளாங்க் மியூனிக்கில் இயற்பியல் படித்துக்கொண்டிருந்த 1870களின் பிற்பகுதியில், ரமாபாய் பஞ்சத்தில் பெற்றோரை இழந்து, அண்ணனோடு நாடெங்கும் கால்நடையாக அலைந்துகொண்டிருந்தார். 1878இல் கல்கத்தா அறிஞர்கள் அவருடைய புலமையை ஆராய்ந்து ‘பண்டிதை’ என்றும் ‘சரஸ்வதி’ என்றும் பட்டம் அளித்தார்கள். 1889இல் பம்பாயில் கைம்பெண்களுக்காகச் சாரதா சதனத்தைத் தொடங்கினார். 1900 டிசம்பர் 14 அன்று பெர்லினில் பிளாங்க் தம் குவாண்டம் கருத்தை முன்வைத்தார். அப்போது அவருக்கும் 42 வயது, ரமாபாய்க்கும் 42 வயது. கேட்கான் ஊரில் ரமாபாயின் முக்தி இல்லம், பஞ்சத்தில் மீட்கப்பட்ட பெண்களாலும் குழந்தைகளாலும் அந்த ஆண்டில் நிறைந்திருந்தது.

ஒருவரையொருவர் அவர்கள் அறிந்திருக்கவில்லை. ஆனால் ஒரே நாளில் தொடங்கிய இரு வாழ்க்கைகளை அடுத்தடுத்து வைத்துப் பார்க்கும்போது, அந்தக் காலம் எவ்வளவு அகலமானது என்பது தெரிகிறது.

11 – எண்கணக்கர்

இந்த இணையை நான் அறிந்திருக்கவில்லை. நெஞ்சார்ந்த நன்றி. ஒரே நாளில் பிறந்தவர்கள் பலர் இருப்பார்கள் என்று கணக்கு சொல்லும். யார் யார் என்று அது சொல்லாது என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

இருவரின் பிற்காலத்தையும் தேடிப் படித்தேன். ரமாபாயின் ஒரே மகள் மனோரமா 1921இல், தாய்க்கு ஓராண்டு முன்னதாக இறந்துவிட்டார். பிளாங்க்கின் மூத்த மகன் முதல் உலகப் போரில் மாண்டார்; இரட்டையரான மகள்கள் இருவரும் பிள்ளைப்பேற்றில் இறந்தார்கள்; மகன் எர்வினை 1945 ஜனவரியில் நாஜி அரசு தூக்கிலிட்டது. தம் பிள்ளைகளைத் தாமே வழியனுப்பிய இருவர் ஒரே நாளில் பிறந்திருக்கிறார்கள். இதில் காரண காரியம் எதையும் தேட மாட்டேன். ஆனாலும் அந்த வரிகளைப் படித்து முடித்தபின் வெகுநேரம் வேறு எதையும் படிக்க இயலவில்லை.

12 – ஆவணப்பிரியர்

1858 ஏப்ரல் 23 என்றதும் எனக்கு உறைத்தது. 1857 கிளர்ச்சியில் ஆங்கிலேயரை எதிர்த்த பீகாரின் குன்வர் சிங் தம் கடைசிப் போரில் வென்றது அதே வெள்ளிக்கிழமைதான்! அப்போது அவருக்கு எண்பது வயதை ஒட்டி இருக்கும். கங்கையைக் கடக்கும்போது கையில் குண்டு பாய்ந்ததால் அந்தக் கையைத் தாமே வெட்டி ஆற்றில் விட்டார் என்று மக்கள் வழிவழியாகச் சொல்லி வருகிறார்கள். ஜகதீஷ்பூருக்கு அருகே கேப்டன் லெ கிராண்ட் தலைமையில் வந்த கும்பினிப் படையை அவருடைய ஆட்கள் முறியடித்தார்கள். தம் அரண்மனையை மீட்டுக்கொண்ட சில நாட்களுக்குள் அவர் காயத்தால் இறந்துபோனார். பீகாரில் அந்த ஏப்ரல் 23ஐ இன்றும் வெற்றித் திருநாளாகக் கொண்டாடுகிறார்கள்.

கீலில் ஒரு குழந்தை, மலைக்காட்டில் ஒரு குழந்தை, ஜகதீஷ்பூரில் ஒற்றைக் கையோடு வீடு திரும்பிய ஒரு முதியவர். இந்த இழையில் இதுவரை பேசியவற்றுள் ‘ஒரே நாளில்’ என்ற சொல்லுக்கு முழுத் தகுதி உடையது இதுவே.

13 – வானியல் மாணவி

எழுதிக்கொண்டிருக்கும்போதே மயிர்க்கூச்செறிகிறது ஐயா. ஆயினும் கணக்கில் கண்டிப்பாக இருக்க வேண்டியிருப்பதால் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்: ஒரே நாட்காட்டி என்றாலும் உலகம் முழுவதற்கும் ஒரே பொழுதில் ஒரே தேதி இருப்பதில்லை. 1858ஐப் பொறுத்தவரை கீலுக்கும் பீகாருக்கும் இடையே ஐந்து மணி நேரம்தான் வேறுபாடு. ஆகவே பகற்பொழுதின் பெரும்பகுதி இரு இடங்களுக்கும் பொதுவானது.

அட்டையில் உள்ள 2005ஆம் ஆண்டு வரிக்குத்தான் இது முக்கியம். யூடியூபின் முதல் காணொளி, சான் டியாகோ விலங்குக் காட்சிசாலையில் யானைகளின் முன் யூடியூபின் நிறுவனர்களுள் ஒருவரான ஜாவேத் கரீம் நின்று பேசும் பத்தொன்பது நொடிகள், கலிபோர்னிய நேரப்படி ஏப்ரல் 23 இரவு எட்டரை மணியளவில் பதிவேறியது. அந்தப் பொழுதில் கிரீனிச்சில் ஏப்ரல் 24 விடியற்காலை. இந்தியாவில் 24ஆம் தேதி காலை ஒன்பது மணி. சோயுஸ் 1 இதற்கு நேர்மாறானது. அது மாஸ்கோ நேரப்படி 23ஆம் தேதி அதிகாலை ஏவப்பட்டபோது அமெரிக்காவில் 22ஆம் தேதி மாலையாக இருந்தது.

நிகழ்ந்த இடத்தின் தேதியையே கொள்வது என்று முன்பு நாட்காட்டிக்குச் சொன்ன விதியையே இதற்கும் கொள்ளலாம்.

14 – அட்டைக்காரர்

உங்கள் அனைவருக்கும் என் நன்றி. இன்று மாலை பழைய அட்டையை ஓரமாக வைத்துவிட்டுப் புதிய அட்டை ஒன்றை எடுத்து எழுதத் தொடங்கினேன். செய்த மாற்றங்களைச் சொல்கிறேன். பிழை இருந்தால் திருத்துங்கள்.

பிரையன் போரு, ஷேக்ஸ்பியர், இரண்டாம் சார்லஸ் மூவருக்கும் ஓரத்தில் ‘பழைய முறை’ என்று குறித்தேன். ஜேம்சும் ஆனும் சேர்ந்துகொண்டார்கள். மூன்று முடிசூட்டுகளையும் புத்தக நாளையும் கோட்டுக்குக் கீழே தனியாக எழுதினேன். செர்வாண்டிசுக்கு நேரே ‘அடக்கம்’ என்று எழுதி, ஏப்ரல் 22 அட்டையிலும் அவர் பெயரைச் சேர்த்தேன். கார்சிலாசோவின் இறப்பை 22 என்றும் 24 என்றும் சொல்வோர் இருப்பதால் அவரும் டர்னரும் புனித ஜார்ஜ் கோட்டையும் பென்சிலில் இருக்கிறார்கள். காணொளிக்கு அருகில் ‘கலிபோர்னிய நேரம்’ என்று எழுதினேன்.

1858க்கு மட்டும் கிழமையையும் சேர்த்து, மூன்று வரிகளையும் ஒரே அடைப்புக்குள் வைத்து மையால் எழுதினேன். இந்த இழையைத் தொடங்கியபோது அந்த ஆண்டுக்கு என்னிடம் பிளாங்க் ஒருவர் மட்டுமே இருந்தார்.

மை காய்வதற்குள் ஏப்ரல் 24 அட்டையை எடுத்து வைத்துக்கொண்டேன். சோயுஸ் 1இல் 23ஆம் தேதி புறப்பட்ட விளாதிமிர் கொமரோவ், பான்குடை சரியாக விரியாததால் மறுநாள் தரையில் மோதி இறந்தார். அந்த அட்டையின் முதல் வரி அதுதான். அத்தேதிக்கு உங்களிடம் இருப்பவற்றை இதே இழையில் எழுதலாம்.